இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துச் சாவு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அதிகமான சாவுகளுக்கு அழுதவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், அஞ்சலியை யாராலும் ஜெயிக்க முடியாது. மூன்று வருஷத்தில் நூறு சாவாவது இருக்கும். காசநோயில் போனவர்கள், ஆற்றோடு போனவர்கள், போருக்குப் போய்த் திரும்பாதவர்கள், காரணமே சொல்லாமல் கடைசி அத்தியாயத்தில் கண்ணை மூடியவர்கள். ஒருவரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. அத்தனை பேரும் கல்லூரி நூலகத்துப் புத்தகங்களுக்குள் வாழ்ந்து, புத்தகங்களுக்குள்ளேயே செத்தவர்கள்.

நாங்கள் இருவரும் கள்ளக்குறிச்சியில் ஒரு மகளிர் விடுதியில் தங்கி பி.ஏ. தமிழ் படித்தோம். எனக்குத் திருநாவலூர்ப் பக்கம். அவளுக்குக் கல்வராயன் மலை. வெள்ளிமலைக்கும் அப்பால், பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் நடந்தால் வருகிற ஊர். எங்கள் அறை ஜன்னலைத் திறந்தால் மேற்கே அந்த மலை தெரியும். காலையில் நீலமாக இருக்கும். மதிய வெயிலில் காணாமலே போய்விடும். சாயங்காலம் யாரோ ஈரக்கையால் துடைத்துவிட்ட மாதிரி மங்கலாகத் திரும்பி வரும். ஜன்னலோரக் கட்டில் அவளுடையது. படித்துக்கொண்டிருக்கும்போது அவளைக் கூப்பிட்டால், நம் குரல் அந்த மலை வரைக்கும் போய்த் திரும்பி வந்த பிறகுதான் "இன்னா?" என்பாள்.

விடுதியில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு சாயங்காலம் நான் அறைக்குள் நுழைகிறேன், அவள் தலைக்குக் குளித்துவிட்டு ஈர முடியோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். மூக்கு சிவந்து, முகம் வீங்கிக் கிடக்கிறது.

"இன்னாடி ஆச்சி?" என்றேன்.

"மரகதம் போய்ட்டா."

அக்காவா தங்கச்சியா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஓடிப்போய் வார்டன் மேடத்திடம் சொன்னேன். மேடம் மகா கண்டிப்பானவர், ஆனால் சாவு என்றால் மட்டும் இளகிவிடுவார். இரண்டே நிமிஷத்தில் விடுப்புப் படிவம் வந்தது, வெள்ளிமலைக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்ற தகவல் வந்தது, வழியில் சாப்பிட ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வந்தது.

"மரகதம் உனக்கு என்ன முறைம்மா?" என்று மேடம் அவள் தலையைத் தடவினார்.

"முறைல்லாம் இல்லிங்க மேடம்."

"சிநேகிதியா?"

"நேத்துலேந்துதான் பழக்கம்."

"நேத்துலேந்தா? எங்கம்மா இறந்தாங்க?"

"எரநூத்திப் பன்னெண்டாம் பக்கத்துலங்க மேடம்."

மேடம் விடுப்புப் படிவத்தை மடித்தார். பிஸ்கட் பாக்கெட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை சாப்பாட்டு அறைக் கதவில் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தது. நான்கு பக்கமும் கறுப்புக் கரை, மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. ஊரில் சாவு விழுந்தால் முச்சந்தியில் கட்டுகிற பேனர் மாதிரியே இருந்தது, படம்தான் இல்லை. 'மரகதம். தோற்றம்: பக்கம் ஒன்பது. மறைவு: பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு. உன் பிரிவால் வாடும் அறை எண் பதினான்கு.' அறை எண் பதினான்கில் நானும் இருந்தேன் என்பதால், வாடினேனா இல்லையா என்று கேட்காமலே என்னையும் அதில் சேர்த்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வாரம் ஒன்றாவது கதவில் ஏறும். வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. அது பதிவேட்டிலேயே தங்கிவிட்டது. எங்களுக்கு அவள் அஞ்சலி.

முதலில் எரிச்சல்பட்டவர் விடுதியின் சமையல்கார அக்கா. "சோறு துன்ற எடத்துல இன்னாத்துக்குப் பாப்பா சாவுச் சேதி?" என்று இரண்டு தடவை கிழித்துப் போட்டார். மூன்றாவது தடவை கிழிப்பதற்கு முன்னால், "ஆமா, இவ எப்படிச் செத்தா?" என்று கேட்டுவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. அஞ்சலி அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெண் பார்க்க வந்த நாளிலிருந்து ஆரம்பித்தாள். அன்றைக்குச் சாம்பார் அடிப்பிடித்தது. அதன் பிறகு அக்கா கிழிப்பதை விட்டுவிட்டு, அவளைப் பார்த்ததும் கணக்கு கேட்க ஆரம்பித்தார்.

"இன்னா பாப்பா, இன்னிக்கி துக்கமா? அப்ப உனக்கு நாலு இட்லி கம்மியா ஊத்தட்டா?"

"வேணாங்க்கா. இந்தக் கதைல இன்னும் யாரும் சாவல. ஆனா இருமிகினு இருக்கறா."

"அய்யய்யோ! இருமலா?" என்று அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். வெங்காயம் உரிக்கிற நேரமாகப் பார்த்து அஞ்சலி கதை சொல்வாள். அங்கே யார் எதற்காக அழுகிறார்கள் என்று பிரித்துப் பார்க்க முடியாது.

காதலைப் பற்றியும் அவளிடம் உறுதியான கருத்துகள் இருந்தன. "காதலிக்கிறவங்கள எழுதறவங்க ஏன் சாவடிக்கறாங்க தெரியுமா? சோம்பேறித்தனம்டி" என்பாள். "கல்யாணம் பண்ணி வெச்சா அப்பறம் ரேஷன் கடைக்கி அனுப்பணும், கொழந்தைக்கிப் பேதி புடிச்சா ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு ஓடணும். அத்தயெல்லாம் அழகா எழுதறது கஷ்டம். ஆத்துல தள்ளி வுட்டுட்டா வேல முடிஞ்சிது." இப்படிக் குறை சொல்கிறவளே, ஆற்றில் தள்ளாத கதையை நூறு பக்கத்துக்கு மேல் படிக்க மாட்டாள். சப்பென்று இருக்கிறது என்று மூடிவைத்துவிடுவாள்.

இரண்டாம் ஆண்டில் எனக்கே ஒரு காதல் வந்து, வந்த வேகத்தில் போனது. உளுந்தூர்ப்பேட்டை பஸ்ஸில் பழக்கமான பையன். அவன் என் எண்ணை பிளாக் பண்ணிய அன்று நான் தலையணையில் முகம் புதைத்து அழுதேன். அஞ்சலி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எல்லாத்தையும் மொதல்லேந்து சொல்லு" என்றாள். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டாள். பிறகு நூலகப் புத்தகத்தைத் தட்டிப் பார்க்கிறவள் மாதிரி என் முதுகைத் தட்டினாள்.

"நாப்பது மெசேஜு, ரெண்டு டீ, ஒரு எலந்தவட பாக்கெட்டு. இதுல அழுவற அளவுக்கு ஒண்ணும் இல்லடி. எழுதினா ஒரு பத்திகூட தேறாது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை நின்றுபோனது. கொஞ்ச நேரம் கழித்து, அந்த இலந்தவடை பாக்கெட்டை நினைத்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய வைத்தியம் அப்படித்தான் இருக்கும்.

லீவுக்கு ஊருக்குப் போனால் அவள் ஒழுங்காகப் போய்ச் சேர மாட்டாள். பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தால் கச்சிராயபாளையம் போவது தெரியாது, மலை ஏறுவது தெரியாது, கொண்டை ஊசி வளைவில் பக்கத்து ஆள் மேலே வந்து விழுவதும் தெரியாது. ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து பக்கத்தை நனைத்தால், அதுவும் கதையில் வருகிற மழை என்று நினைத்துக்கொள்வாள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, பஸ் கடைசி நிறுத்தம் வரை போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டி, கீழே கள்ளக்குறிச்சிக்கே ஒரு தடவை வந்து சேர்ந்துவிட்டாள். அறைக்குள் நுழைந்தவளிடம் "ஊருக்குப் போவலயா?" என்று கேட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "போய்க்கினுதான் இருந்தேன்" என்றாள்.

இப்படிக் கனவிலேயே நடந்துகொண்டிருந்தவளை ஒரே ஒரு ஆள்தான் தட்டி எழுப்பினாள். அவள் செல்வி. எங்கள் வகுப்புதான், விடுதியில் இல்லை. கருணாபுரத்திலிருந்து தினமும் நடந்தே கல்லூரிக்கு வருவாள். கடைசி பெஞ்சில் உட்காருவாள், கேட்டால்தான் பேசுவாள். இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்துத் தெருத்தெருவாக ஆள்கள் செத்தார்கள். அவர்களில் செல்வியின் அப்பாவும் ஒருவர். வகுப்பில் எல்லாருக்கும் அது தெரியும். யாரும் அவளிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

சில மாதங்கள் கழித்து, எங்கள் துறைத் தலைவர் ஒவ்வொருவருக்கும் கருத்தரங்கத் தலைப்பு கொடுத்தார். நாங்கள் அவரை ஐயா என்போம். அஞ்சலிக்கு வந்த தலைப்பு 'இலக்கியத்தில் காதலும் சாவும் துயரமும்'. லாட்டரி விழுந்த மாதிரி குதித்தாள். மற்றவர்கள் பழைய நோட்டிலிருந்து பார்த்து எழுதிக்கொண்டு வந்தோம். அவள் பத்து நாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, சொந்தமாக எழுதினாள்.

ஒரு மதிய வகுப்பு. வெளியே மேகம் மூடி வகுப்பே பாதித் தூக்கத்தில் இருந்தது. அஞ்சலி எழுந்து நின்று, கோயிலில் பாடுகிறவள் மாதிரி படித்தாள்:

"இலக்கியத்தில் சாவு அழகாக இருக்கிறது. காதலுக்காகச் சாகிறவர்கள் உண்மையில் சாவதில்லை, வாசிக்கிறவர்களின் தூக்கத்துக்குள் குடியேறுகிறார்கள். நானும் ஒருநாள் அப்படித்தான் சாக வேண்டும். ஜன்னலோரத்தில், மழை நாளில், பாதி வாக்கியத்தில்."

ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "மேற்கோள் ஒன்னுகூட இல்லியேம்மா. இதுக்கெல்லாம் ஆதாரம் என்ன?" என்றார்.

"அழுதேங்கய்யா."

"அழுதது ஆதாரமா?"

"அத்தவிட வேற இன்னாங்கய்யா ஆதாரம் வேணும்?"

வகுப்பு சிரித்தது. ஐயாவுக்கும் உதட்டோரம் துடித்தது. அப்போதுதான் பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. செல்வி எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அழகா இருக்காது" என்றாள்.

அவள் குரலே பலருக்குப் புதிது. எல்லாரும் திரும்பினோம்.

"சாவு அழகா இருக்காதுடி. எங்கப்பா வவுறு எரியுதுன்னு பொரண்டாரு. அப்பறம் என் கையப் புடிச்சிகினு, 'செல்வி, ஏன் இருட்டா கீது? லைட்டப் போடு'ன்னாரு. அப்ப பகல் பதினோரு மணி. நானும் எய்ந்து போயி லைட்டப் போட்டேன். 'போட்டாச்சாம்மா?'ன்னு கேட்டாரு." அஞ்சலி பக்கம் திரும்பினாள். "கதைல செத்தவளுக்கெல்லாம் கதவுல ஒட்டற. எங்க தெரு நெடுக அந்தப் போஸ்டர்தான் இருந்துச்சி. வந்து பாத்தியா?"

பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஐயா, "போதும், வகுப்பு முடிஞ்சிது" என்று மெதுவாகச் சொன்னார். அஞ்சலி கையில் தாளோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். நான்தான் அவள் கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்தேன்.

விடுதிக்கு வந்ததும் சாப்பாட்டு அறைக் கதவில் இருந்ததைக் கழற்றினாள். அந்த வாரம் முழுக்கப் புத்தகம் தொடவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சமையல்கார அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னா ஆச்சி அதுக்கு? யாராச்சும் நெஜமாவே செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

செல்வியும் அந்த வாரம் கல்லூரிக்கு வரவில்லை. சனிக்கிழமை காலையில் அஞ்சலி என் போர்வையை இழுத்தாள். "எய்ந்திரு. கருணாபுரம் போலாம்."

"போயி இன்னாடி சொல்லப்போற? சாரியா?"

"தெரில. வா."

விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். சின்ன வீடு. ஆனால் வாசலிலேயே நான் நின்றுவிட்டேன். வெளிச் சுவர் பாதி மஞ்சள், பாதி பச்சை. உள்ளே ஒரு சுவர் ரோஸ், ஒரு சுவர் ஊதா, கதவு கருநீலம். கண் கூசியது. செல்வியின் அம்மா அன்று வேலை இல்லாமல் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "காலேஜு பொண்ணுங்களா? வாங்க, உக்காருங்க" என்று பாயை விரித்தார். செல்வி எங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மன்னிப்பு கேட்பாள் என்று நான் அஞ்சலியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "உங்கப்பா எப்படிடி சிரிப்பாரு?" என்றாள்.

செல்வி, "இன்னா?" என்றாள்.

"இல்ல... நான் யோசிச்சிகினே இருந்தேன். கதைல ஒருத்தி செத்தா எனக்கு ஏன் அழுவ வருது? அதுக்கு மின்னாடி எரநூறு பக்கம் அவகூட இருந்துட்டேன். அவ எப்படி கொழம்பு வெப்பா, எதுக்குக் கோச்சிக்குவான்னு தெரியும். உங்கப்பாவப் பத்தி எங்களுக்கு வந்ததெல்லாம் கடைசிப் பக்கம் மட்டும்தான். மின்னாடிப் பக்கமெல்லாம் உங்கிட்டதான் கீது. அத்தச் சொல்றியா?"

செல்வி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தாள். வெளியே யாரோ குடத்தில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"எல்லாரும் எப்படிச் செத்தாருன்னுதான் கேட்டாங்க" என்றாள் கடைசியில். "மைக்க எடுத்துகினு வந்தவங்க, எழுதிகினு போனவங்க, சொந்தக்காரங்க, எல்லாரும். எப்படி இருந்தாருன்னு யாருமே கேக்கல."

அவள் அப்பா பெயிண்டர். எங்கே வேலைக்குப் போனாலும் டப்பாவின் அடியில் மிஞ்சுகிற பெயிண்டைக் கேட்டு வாங்கி வந்துவிடுவார். வெளியே இருந்த மஞ்சள் ஒரு பள்ளிக்கூடம், பச்சை ஒரு ஆஸ்பத்திரி, ரோஸ் ஒரு கல்யாண மண்டபம். "எங்க வூட்ல ஒக்காந்தா கள்ளக்குறிச்சி முழுக்கச் சுத்தின மாதிரி" என்றாள் செல்வி. அடுப்படிச் சுவர் மட்டும் ஒரு மாதிரி மயில்நீலம். அந்த நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காதாம். கல்யாணமான புதிதில் செல்வியின் அம்மா அந்த நிறத்தில் ஒரு சேலை கட்டியிருந்தார். அது கிழிந்துபோனதும், அதன் முந்தானைத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் வெவ்வேறு நீலங்களைக் கலந்து கலந்து பார்த்து அந்த நிறத்தைப் பிடித்தாராம்.

"ஒருநாளு வேலய வுட்டு வந்து பாக்கறேன், அடுப்பாண்ட நிக்கறாரு, மூஞ்சியெல்லாம் நீலம்" என்றார் அவள் அம்மா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "'இன்னாயா இது'ன்னேன். 'உன் சேலய மாட்டி வெச்சிருக்கேன்'ன்னாரு."

"ஆட்டச் சொல்லும்மா" என்றாள் செல்வி.

"ச்சீ, அத்தப் போயி..."

"சொல்லும்மா!"

பக்கத்து வீட்டு வெள்ளாடு வீட்டுக்குள் புகுந்து ஈரச் சுவரில் போய் உரசிக்கொண்டு நின்றிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ரோஸ் ஆகிவிட்டது. ஆட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். செல்வியின் அப்பா நிதானமாகச் சொல்லியிருக்கிறார்: "ஒரு பக்கம்னா அசிங்கமாத்தாங்க இருக்கும். புடிச்சிக்கங்க, இன்னொரு பக்கமும் அடிச்சித் தர்றேன்." அடித்தும் கொடுத்திருக்கிறார். மூன்று மாதம் கருணாபுரத்தில் ஒரு ரோஸ் ஆடு சுற்றியது.

அஞ்சலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செல்வியின் அம்மா சிரித்தார், சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். செல்வி மட்டும் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"குடிப்பாரு. குடிச்சா எங்கம்மாவ அடிச்சிம் இருக்காரு. அத்தயும் சேத்துக்கோ."

"சேக்காம?" என்றாள் அஞ்சலி. "அது இல்லன்னா அவரு இல்லியே."

அடுத்த வாரம் ஐயாவிடம் போய், கருத்தரங்கத்தை மறுபடி செய்ய அனுமதி கேட்டாள். ஐயா கொடுத்தார். ஆனால் வகுப்பில் எழுந்தது அஞ்சலி இல்லை, செல்வி. "இது என் அழுவ இல்லிங்கய்யா. அவதான் படிக்கணும்" என்று சொல்லிவிட்டு அஞ்சலி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். இருவரும் சேர்ந்து எழுதியதைச் செல்வி படித்தாள். மயில்நீலம் வந்தது, அடி வந்தது, பகல் பதினோரு மணியும் வந்தது. அதற்கெல்லாம் முன்னால் ஆடு வந்தபோது வகுப்பே கூரை அதிரச் சிரித்தது. அந்த மனுஷனை நினைத்து வெளியாள்கள் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். செல்வி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். அந்த நேரத்தில் அவள் முகத்தில் தெரிந்த பெருமையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

படித்து முடித்ததும் நாங்கள் ஐயாவைப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "மேற்கோள் இல்லாட்டி பரவால்லம்மா. உக்காரு" என்றார்.

அந்தப் பருவத்தேர்வு முடிந்ததும் அஞ்சலி எங்கள் இருவரையும் ஊருக்கு அழைத்துப் போனாள். சரியான இடத்தில் இறங்க வேண்டுமே என்று, ஏறியவுடன் அவள் பையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி நான் வைத்துக்கொண்டேன். மலை மேலே எல்லாமே தூக்கத்தில் நடப்பது மாதிரி இருந்தது. சாமை வயலில் மேகம் படுத்துக் கிடந்தது. எதிரே வருகிறவர் பத்தடிக்கு முன்னால் வெறும் இருமலாக இருந்து, பக்கத்தில் வந்ததும் மனுஷராக மாறி, "யாரு, டவுன் புள்ளைங்களா?" என்று கேட்டுவிட்டு மறுபடி மேகத்துக்குள் போனார். பலாப்பழ வாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே கூட வந்துகொண்டிருந்தது.

ஊரைத் தாண்டி ஒரு ஓடை. பாறையில் மூன்று பேரும் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டோம். கொஞ்ச நேரத்தில் செல்வியின் தோள் குலுங்குவது தெரிந்தது. பிறகு சத்தம் வந்தது. அப்பா செத்தபோதுகூட அழவில்லை, அம்மாவைப் பிடித்துக்கொள்ளவே நேரம் சரியாக இருந்தது என்று பிற்பாடு சொன்னாள். அங்கே, யாரும் எதுவும் கேட்காத இடத்தில், மொத்தமாக அழுதாள்.

நூறு சாவு பார்த்த அஞ்சலி என்ன செய்வாள் என்று நான் பார்த்தேன். அவளுக்குக் கை கால் ஓடவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், துப்பட்டாவை முறுக்கினாள். கடைசியில் ஓடிப்போய் எங்கிருந்தோ இரண்டு கையும் நிறைய எதையோ கொண்டுவந்தாள்.

"பலாச்சொள துன்றியாடி?"

செல்வி அழுதுகொண்டே ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மென்றபடியே அழுதாள். அப்புறம் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டாள்.

அஞ்சலி அதற்குப் பிறகும் புத்தகம் படித்தாள், அழுதாள். ஆனால் கதவில் எதையும் ஒட்டவில்லை. படிப்பு முடிந்து செல்வி கள்ளக்குறிச்சியிலேயே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துகொண்டு தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. சேர்ந்தாள். நான் நைனார்பாளையம் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். அஞ்சலி மலைக்குப் போனாள். சிக்னல் கிடைக்கிற பாறையில் ஏறி மாதம் ஒருமுறை போன் பண்ணுவாள்.

போன மாதம் பண்ணினபோது குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"எனுக்குக் கல்யாணம் ஆயிடிச்சிடி" என்றாள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி.

"எப்படி? யாரு?"

"ஜீப்பு ஓட்றவரு. கெழங்கு மூட்ட ஏத்திகினு கீழ போவாரு. நானும் அந்த ஜீப்புலதான் வந்து போவேன். ஒருநாளு ஒரு கதைய சொல்லிகினு வந்தேன். அந்தப் பொண்ணு சாவற எடம் வந்திச்சா, வண்டிய ஓரங்கட்டி நிறுத்திட்டாரு. 'இத்த மாத்த முடியாதா?'ன்னாரு. 'எழுதியாச்சி, எப்படி மாத்தறது'ன்னேன். 'இங்க யாரு பாக்கப்போறா? அந்தப் பொண்ண வுட்டுடு'ன்னாரு." பாறையில் அடிக்கிற காற்று போனில் இரைந்தது. "வுட்டுட்டேன்டி. அன்னிலேந்து இப்படித்தான். ஒருத்தரையும் சாவ வுட மாட்டறாரு. எத்தினி பேரக் காப்பாத்தறது நானு?"

"வீட்டுல எதிர்ப்பு?"

"அதான்டி கொறையே. எங்கப்பன் ஒடனே சரின்னுட்டாரு. ஒரு காதல்னா ஒரு எதிர்ப்பு வேணாவா? கேட்டா, 'நல்ல பையன், கூட்டிகினு போ'ன்றாரு."

பள்ளியில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு, செல்வியையும் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். ஜீப்காரர் வெட்கப்படுகிற ஆள். எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. அஞ்சலி கொஞ்சம் சதை போட்டிருந்தாள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். சாப்பிடும்போது, ரேஷன் கடையில் வரிசை எவ்வளவு நீளம் என்று அரை மணி நேரம் விடாமல் சொன்னாள். கேட்க நன்றாக இருந்தது.

மறுநாள் எங்களை பஸ் ஏற்றிவிட அவளே நடந்து வந்தாள். மேகம் இறங்கியிருந்தது. பஸ் கிளம்பியதும் கை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே சாலையோரம் கொஞ்ச தூரம் ஓடியும் வந்தாள். பிறகு வளைவு வந்தது, மேகத்தின் வெள்ளை மட்டும்தான் மிஞ்சியது. செல்வி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கையை இன்னும் இரண்டு வளைவு வரைக்கும் உள்ளே எடுக்கவில்லை.